ஐடா: பிரயாசம் என்னும் பெயர்



மூன்று வாரங்களுக்கு முன் ஞாயிறு ஆராதனை முடிந்தபின் ஓர் இளந்தம்பதியர் கைக்குழந்தையோடு என்னைச் சந்திக்க வந்தனர். குழந்தையின் அப்பாயியும் உடன் வந்திருந்தார். ஞானஸ்நானத்துக்கு நாள் குறிக்க வேண்டும். ஆனால் பெயரில் இன்னும் ஒருமனப்படவில்லை.

"ஐயா, என் மாமியார் பேரு ஐடா. இந்தப் பிள்ளைக்கு அந்தப் பேரை வைக்கணும்னு எனக்கு ஆசை" என்றார் அப்பாயி.

குழந்தையின் தகப்பன் தயங்கினார். "ஐயா, அந்தப் பேருக்கு அர்த்தமே இல்லையே. தமிழிலும் இல்லை, வேதத்திலும் இல்லை. நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் அர்த்தம் கேட்டால் பிள்ளை என்ன சொல்லும்?"

நான் சற்றும் யோசியாமல் அவர் பக்கமே பேசினேன். "ரூத், எஸ்தர், லீதியாள் என்று வேதத்திலே எத்தனை நல்ல பெயர்கள் இருக்கின்றன, அம்மா! பொருள் தெரியாத வெள்ளைக்காரப் பெயர் எதற்கு?" என்று கேட்டேன். அப்பாயி மறுமொழி கூறவில்லை. முந்தானையால் குழந்தையின் முகத்தில் பட்ட வெயிலை மறைத்துக்கொண்டே படியிறங்கிப் போய்விட்டார்.

அந்த மௌனம் என்னை உறுத்திற்று. ஒரு பெயருக்குப் பொருளில்லை என்று நான் சொன்னது, அதன் பொருளை நான் அறியாததனால் அல்லவா? அன்றிரவே நூல்களைப் புரட்டத் தொடங்கினேன். நான் கண்டுகொண்டதை அந்தக் குடும்பத்துக்கு மட்டுமன்றி உங்கள் அனைவருக்கும் சொல்லவேண்டியது என் கடன் என்று எண்ணி இவ்வாரத் தியானத்தை எழுதுகிறேன்.

போர்க்களத்துப் பெயர்கள்

நம் சபைகளின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளில் வேதாகமப் பெயர்களுக்கு இடையே வேறொரு வகைப் பெயர்களும் காணப்படும். மெட்டில்டா, கெர்ட்ரூட், ஹில்டா, எடித், ஆலிஸ், கரோலின், எம்மா. இவற்றை நாம் பொதுவாகக் கிறிஸ்தவப் பெயர்கள் என்று எண்ணிக்கொள்கிறோம். ஆனால் இவை எருசலேமிலும் பிறந்தவை அல்ல, ரோமாபுரியிலும் பிறந்தவை அல்ல. வட ஐரோப்பாவின் காடுகளிலும் ஆற்றங்கரைகளிலும் வாழ்ந்த ஜெர்மானியக் குலங்களின் பெயர்கள் இவை. அக்குலத்தார் சுவிசேஷத்தைக் கேட்பதற்கு முன்பே இப்பெயர்களின் வேர்ச்சொற்கள் அவர்களிடையே வழங்கின.

அவற்றின் பொருளைக் கேட்டால் வியப்பாயிருக்கும். ஹில்டா என்றால் போர். மெட்டில்டா என்றால் வலிமையும் போரும். கெர்ட்ரூட் என்றால் ஈட்டியும் வலிமையும். எடித் என்றால் செல்வமும் போரும். ஆண்களுக்கே அன்றிப் பெண்களுக்கும் படைக்கலத்தையும் போர்க்களத்தையும் பெயராக வைத்த மக்கள் அவர்கள். இரண்டு சொற்களைச் சேர்த்து ஒரு பெயர் அமைப்பது அவர்கள் மரபு. நம் நாட்டில் 'முத்து'வோடு 'லட்சுமி'யைச் சேர்த்து முத்துலட்சுமி என்று அமைப்பதைப் போன்றது அது. நாளடைவில் நீண்ட பெயர்கள் வீட்டு வழக்கில் குறுகின. குறுகிய பெயரே தனிப்பெயராக நிலைத்தது.

ஐடா என்பதும் அப்படிக் குறுகி நின்ற ஜெர்மானியப் பெயர்தான். ஆனால் அதன் வேர்ச்சொல் போர்க்களத்தைச் சேர்ந்ததன்று. பெயர்களை ஆராய்ந்தோர் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும் கருத்தின்படி, 'உழைப்பு, வேலை, செயல்' என்னும் பொருளுடைய பழஞ்சொல் ஒன்றே இதன் மூலம். பழைய நோர்ஸ் மொழியில் அச்சொல் வழங்கியது. இன்றைய ஐஸ்லாந்து மொழியிலும் சுறுசுறுப்பாய் உழைப்பவரைக் குறிக்கும் சொல் அதே வேரிலிருந்து வருகிறது. 'பெண்' என்னும் பொருளுடைய வேறொரு பழஞ்சொல்லோடு இதனை இணைப்பவரும் உண்டு. எப்படியாயினும், ஈட்டிக்கும் போருக்கும் நடுவே 'உழைப்பு' என்று ஒரு பெயர் இருந்தது என்பதே என்னை முதலில் நிறுத்தி யோசிக்கவைத்த செய்தி. நம் பழைய வேதாகமத் தமிழில் சொல்வதானால், பிரயாசம்.

கல்தொட்டி நிறைய உணவு

இப்பெயர் தொடக்கத்தில் பெண்களுக்கு மட்டும் உரியதாயிருக்கவில்லை. இங்கிலாந்தின் வடபகுதியில் பெர்னீசியா என்னும் நாட்டை 547-ஆம் ஆண்டில் ஆளத் தொடங்கிய அரசன் பெயரும் இதுவே என்று, பீட் என்னும் துறவி 731-இல் எழுதி முடித்த திருச்சபை வரலாறு கூறுகிறது. ஆனால் ஐரோப்பியப் பெருநிலத்தில் அது பெண்பெயராகவே நிலைத்தது. அதனை நிலைநிறுத்தியவர்களுள் முதன்மையானோர் திருச்சபையின் பெண்கள்.

ஏழாம் நூற்றாண்டில், இன்றைய பெல்ஜியம் நாட்டுப் பகுதியில், பெப்பின் என்னும் பெருந்தலைவரின் மனைவியாக வாழ்ந்தவர் இட்டா. இடா என்றும் இடுபெர்கா என்றும் அவர் பெயர் எழுதப்படுகிறது. கணவர் 640-ஆம் ஆண்டு இறந்தபின், தமக்கிருந்த செல்வத்தைக் கொண்டு நிவெல் என்னுமிடத்தில் ஒரு துறவுமடத்தைக் கட்டி, தம் மகள் கெர்ட்ரூடை அதன் தலைவியாக்கி, தாமும் அங்கேயே தங்கினார். 'உழைப்பு' என்னும் பெயருடைய தாயும், 'ஈட்டி' என்னும் பெயருடைய மகளும் ஒரே கூரையின்கீழ் ஜெபித்து வழிப்போக்கரைப் பேணினார்கள்.

அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின், ஜெர்மனியின் வெஸ்ட்பாலியா பகுதியில் லிப்பே ஆற்றங்கரையில் ஹெர்ட்ஸ்ஃபெல்ட் என்னும் ஊரில் மற்றோர் இடா வாழ்ந்தார். எக்பெர்ட் என்னும் சாக்சானியப் பிரபுவின் மனைவி அவர். இளமையிலேயே கைம்பெண்ணாகி, தாம் கட்டுவித்த தேவாலயத்தின் அருகிலேயே எஞ்சிய நாட்களைக் கழித்தார். அவரைப்பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் ஒரு செய்தி மனத்தை விட்டு அகலாதது. தம்மை அடக்கம் செய்வதற்கென்று உயிரோடிருக்கும்போதே ஒரு கற்பேழையைச் செய்து வைத்துக்கொண்டாராம். அது வெறுமையாய்க் கிடக்கவேண்டாமென்று, நாள்தோறும் அதனை உணவுப்பொருளால் நிரப்பி ஏழைகளுக்கு வாரிக் கொடுத்தாராம். தம் மரணத்தை நினைப்பூட்டிய கல்லையே பசித்தவர்களின் களஞ்சியமாக்கிய அம்மையாரை 980-ஆம் ஆண்டில் திருச்சபை புனிதராகப் போற்றியது.

பதினோராம் நூற்றாண்டில் இன்றைய பிரான்சின் வடகரையில் பொலோன் நாட்டுத் தலைவியாயிருந்தவரும் ஓர் இடாவே. முதலாம் சிலுவைப்போரின் முடிவில், 1099-இல் எருசலேமை ஆளத் தொடங்கிய காட்ஃப்ரீயின் தாய் அவர். மகன் வாளெடுத்துப் போனான். தாயோ மடங்களை நிறுவியும் தானங்கள் செய்தும் 1113-இல் மறைந்தார். கான்டர்பரியின் பேராயராயிருந்த அன்செல்ம் அவருக்கு எழுதிய கடிதங்கள் இன்றும் உள்ளன.

பிரியமானவர்களே, இப்பெண்களில் எவரும் தம் பெயரின் பொருளை எண்ணிப் பார்த்திருப்பாரோ என்பது நமக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் வாழ்ந்த வாழ்க்கையினால் அப்பெயர் மக்கள் நாவில் இனித்தது. தாய்மார் தம் பெண்மக்களுக்கு அதனை மீண்டும் மீண்டும் வைத்தனர்.

நாடுதோறும் மாறிய ஒலி

ஒரே பெயர் பல மொழிகளுக்குள் நுழையும்போது அந்தந்த மொழியின் சாயலை ஏற்பது இயல்பு. யோகன்னான் என்னும் எபிரெயப் பெயர் நம்மிடத்தில் யோவான், அருளப்பர், ஜான் என்று நின்றதை நாம் அறிவோம். இப்பெயரும் அப்படியே. ஜெர்மானியரும் டேனியரும் சுவீடன் நாட்டாரும் இதனை 'ஈடா' என்று நெடிலாக ஒலிக்கின்றனர். பின்லாந்தில் அந்நெடிலைக் காட்டுவதற்காக முதலெழுத்தை இரட்டித்து எழுதுவதும் உண்டு. பிரெஞ்சுக்காரர் 'ஈத்' என்று சுருக்கினர். இத்தாலியரும் போலந்து நாட்டாரும் ஹங்கேரியரும் 'ஈடா' என்னும் வடிவத்தையே வைத்துக்கொண்டனர்.

ஆங்கிலத்தில் மட்டும் அது 'ஐடா' ஆயிற்று. ஏறத்தாழ 1400 முதல் 1700 வரையிலான காலத்தில் ஆங்கில உயிரொலிகளில் ஒரு பெரும் மாற்றம் நிகழ்ந்தது. 'ஈ' என்று ஒலித்த நெடில்கள் 'ஐ' என்று திரிந்தன. முற்காலத்தில் 'லீஃப்' என்று ஒலித்த சொல்தான் இன்று 'லைஃப்' என்று ஒலிக்கிறது. அதனால் அந்த எழுத்தைக் கண்டவுடன் ஆங்கிலேயர் 'ஐ' என்றே வாசிக்கலாயினர். நம் தமிழ்நாட்டில் எவரும் 'ஈடா' என்று சொல்வதில்லை. 'ஐடா' என்றே சொல்கிறோம். இப்பெயர் ஜெர்மானியர் அல்லது டேனியர் வாயிலாக வராமல் ஆங்கிலம் பேசுவோர் வாயிலாகவே நம்மிடம் வந்தது என்பதற்கு அந்த ஓர் எழுத்தே சாட்சி.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ஒலி ஒத்திருப்பதனாலேயே இரண்டு பெயர்கள் ஒன்றாகிவிடா. அயர்லாந்து நாட்டில் ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த இட்டா என்னும் புனிதையின் பெயர் அயர்லாந்தின் பழமொழியில் 'தாகம்' என்னும் பொருளுடையதென்பர். கிரேத்தா தீவிலும் பழைய துரோயா நகருக்கருகிலும் உள்ள ஐடா என்னும் மலைகளின் பெயரும் வேறு. தமிழின் 'ஈடு' என்னும் சொல்லோடும் இதற்கு உறவில்லை. வேரை ஆராயாமல் ஒலியை மட்டும் கொண்டு பொருள் சொல்வது, முகத்தை மட்டும் பார்த்து உறவு சொல்வதைப் போன்றது.

மறைந்த பெயர் மீண்டு வருதல்

1066-இல் இங்கிலாந்தைக் கைப்பற்றிய நார்மானியர் இப்பெயரைத் தம்மோடு கொண்டுவந்தனர். சில தலைமுறைகள் அது அங்கே வழங்கிற்று. பிறகு மெல்ல மறைந்தது. ஐரோப்பாவின் பிற நாடுகளில் வாழ்ந்துகொண்டிருந்த பெயர், ஆங்கிலம் பேசுவோரிடையே பல நூற்றாண்டுகள் அரிதாகிவிட்டது.

அது மீண்டும் தழைத்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். அதற்குத் துணைசெய்தவற்றுள் ஒன்று, டென்னிசன் என்னும் ஆங்கிலக் கவிஞர் 1847-இல் வெளியிட்ட 'இளவரசி' என்னும் நெடுங்கவிதை. அதன் தலைவி ஐடா என்னும் இளவரசி. பெண்களுக்குக் கல்வி மறுக்கப்படுவதைப் பொறாமல், பெண்களுக்கென்றே ஒரு பல்கலைக்கழகத்தை நிறுவுகிறாள். ஆண்கள் அதற்குள் நுழைய இயலாது. கதையின் பிற்பகுதியில் ஒரு போர் மூள்கிறது. காயப்பட்டவர்களுக்காக அந்தக் கல்விச்சாலையின் கதவுகள் திறக்கப்படுகின்றன. கல்லூரி மருத்துவமனையாகிறது, இளவரசியே நோயாளியின் படுக்கையருகில் அமர்ந்து பணிவிடை செய்கிறாள்.

அக்கதையை வாசித்த இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஐடா என்னும் பெயர் குழந்தைகளுக்கு மிகுதியாக வைக்கப்பட்ட காலம் அது. கதை வெளிவந்து 23 ஆண்டுகள் கழித்து, நம் தமிழ்நாட்டு மண்ணில் ஒரு பெண்குழந்தை பிறந்தது. பெற்றோர் அதற்கும் அப்பெயரையே வைத்தனர். பெண்களுக்கான கல்விச்சாலையும் மருத்துவமனையும் அக்குழந்தையின் வாழ்வில் கதையாக இராமல் கல்லும் சுண்ணாம்புமாக எழும்பி நின்றன.

மூன்று முறை தட்டப்பட்ட கதவு

ஐடா சோபியா ஸ்கடர் 1870-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். அவருடைய பாட்டனார் மருத்துவர் ஜான் ஸ்கடர், 1819-இல் அமெரிக்காவை விட்டு இலங்கைக்குக் கப்பலேறி, யாழ்ப்பாணத்திலும் பின்னர் சென்னையிலும் ஊழியம் செய்தவர். தந்தையும் ஆற்காட்டு மிஷனைச் சேர்ந்த மருத்துவரே. தாயார் பெயர் சோபியா. தாயின் பெயரையே மகளுக்கு இரண்டாம் பெயராக வைத்தனர். சோபியா என்பது கிரேக்கச் சொல்; ஞானம் என்பது பொருள். ஆகவே அந்தக் குழந்தை பெற்ற பெயர் உழைப்பும் ஞானமும்.

ஆனால் ஐடாவோ மிஷனெரியாவதற்கு மனதற்றவராயிருந்தார். 1876 முதல் 1878 வரை நம் நாட்டை வாட்டிய தாது வருஷத்துப் பஞ்சத்தில், பசியால் வாடிய பிள்ளைகளின் வாயில் ரொட்டித்துண்டுகளைத் தம் சிறு கைகளால் ஊட்டியவர் அவர். அந்தக் காட்சிகள் நிறைந்த நாட்டுக்குத் திரும்பக் கூடாதென்றே அமெரிக்காவில் படிக்கும்போது எண்ணியிருந்தார். தாயார் நோயுற்றதனால் 1890-இல், சிலகாலம் மட்டும் துணையிருக்க, திண்டிவனத்துக்கு வந்தார்.

அங்கே ஓர் இரவு நிகழ்ந்ததை நம்மில் பலர் கேட்டிருக்கிறோம். ஒரு பிராமண இளைஞர் வந்து, பிரசவத்தில் துடிக்கும் தம் மனைவியைக் காப்பாற்ற வரும்படி ஐடாவை வேண்டினார். தமக்கு மருத்துவம் தெரியாது, தம் தந்தை வருவார் என்றார் ஐடா. அந்நிய ஆண்மகன் தம் மனைவியைப் பார்ப்பது தகாது என்று அவர் திரும்பிப் போனார். அதே இரவில் ஓர் இஸ்லாமியர் வந்தார்; பின்னர் உயர்குலத்து இந்து ஒருவரும் வந்தார். அதே வேண்டுகோள், அதே மறுமொழி. விடிந்தபோது சாப்பறை கேட்டது. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

அந்த மூன்று பெண்களின் பெயர்களை எந்த வரலாறும் எழுதிவைக்கவில்லை. பெயர் சொல்லி அழைத்துத் தாலாட்ட ஒரு பிள்ளையைப் பெற்றுத்தர அவர்கள் பட்ட பாடு அந்த இரவோடு முடிந்துவிட்டது. ஐடா அன்றிரவு ஜெபத்தில் போராடினார். மறுநாள் தம் பெற்றோரிடம், மருத்துவம் கற்று இந்நாட்டுப் பெண்களுக்காகத் திரும்பிவருவதாக அறிவித்தார்.

பெயருக்கேற்ற உழைப்பு

அமெரிக்காவில் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியொன்றில் தொடங்கிய கல்வியை, அப்போதுதான் பெண்களைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியிருந்த கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899-இல் முடித்தார். 1900-இல் வேலூருக்கு வந்தார். வந்த சில மாதங்களில் தந்தையும் மறைந்தார். அவர் தொடங்கியது ஒரே ஒரு படுக்கை கொண்ட சிகிச்சையறை. முதல் இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 5,000 பேருக்குச் சிகிச்சை அளித்தார் என்று வரலாறு கூறுகிறது. நியூயார்க் நகர வங்கியாளர் ஒருவர் தம் மறைந்த மனைவி மேரி டேபர் ஷெல்லின் நினைவாகக் கொடுத்த 10,000 டாலரைக் கொண்டு, 40 படுக்கைகளுள்ள மருத்துவமனை 1902-இல் திறக்கப்பட்டது. இன்று கண் மருத்துவத்துக்குப் பெயர்பெற்ற ஷெல் மருத்துவமனை அதுவே.

தாம் ஒருவரே எத்தனை பேரைத் தொட முடியும் என்று எண்ணிய ஐடா, 1909-இல் செவிலியர் பயிற்சிப்பள்ளியைத் தொடங்கினார். ஊருக்கு வர இயலாதவர்களைத் தேடி, முதலில் மாட்டுவண்டியிலும் பின்னர் மோட்டார் வண்டியிலும் குடியாத்தம் சாலையில் சென்று, மரநிழலில் நின்று மருந்து கொடுத்தார். 1918-இல் பெண்களுக்கென்றே ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். பெண்கள் மருத்துவம் கற்க வருவார்களா என்று அரசு மருத்துவ அதிகாரிகளே ஐயுற்றனர். முதல் ஆண்டில் 151 விண்ணப்பங்கள் வந்தன. முதல் தேர்வு எழுதிய 14 பெண்களும் தேறினார்கள். அப்பள்ளியே 1942-இல் பட்டப்படிப்பு நடத்தும் கல்லூரியாக உயர்ந்து, சில ஆண்டுகளில் ஆண்களையும் சேர்த்துக்கொண்டு, இன்று நாம் 'சி.எம்.சி.' என்றழைக்கும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக நிற்கிறது. பணிவிடை கொள்ள அல்ல, பணிவிடை செய்யவே வந்ததாக நம் ஆண்டவர் கூறிய சொல்லே அதன் முழக்கவாசகம்.

இக்காலத்தில் நம் புதுக்கோட்டையிலும் ஒரு கதவு திறந்தது. 1886-இல் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் பிறந்த முத்துலட்சுமி, ஆண்கள் மட்டுமே படித்துவந்த மகாராஜா கல்லூரியில் சேர்ந்து படித்து, 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பின்னாளில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்று நாடு அறிந்த அவர், 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையை எழுப்பினார். அவர் கிறிஸ்தவர் அல்லர். ஆயினும் ஐடா கேட்ட அதே அழுகுரலை அவரும் கேட்டவர். பெண்களின் உயிரைக் காக்கப் பெண்களே கற்றாகவேண்டும் என்னும் நம்பிக்கை இருவருக்கும் பொதுவாயிருந்தது.

ஐடா அம்மையாரின் தமையன் மகளுக்கும் ஐடா என்றே பெயர். அவரும் மருத்துவராகி வேலூரிலேயே கதிரியக்கச் சிகிச்சைப் பிரிவில் உழைத்தார். இருவரையும் வேறுபடுத்த, மூத்தவரை 'ஐடா அத்தை' என்று அழைப்பது வழக்கமாயிற்று. 'டாக்டர் ஐடா, இந்தியா' என்று மட்டும் எழுதப்பட்ட கடிதமொன்று தவறாமல் வேலூருக்கு வந்து சேர்ந்ததாகவும் சொல்வதுண்டு. 1960-ஆம் ஆண்டு மே 24-ஆம் நாள், தமது 89-ஆம் வயதில், கோடைக்கானலில் அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. ஆனால் வேலூரைச் சுற்றிலும் அதற்கப்பாலும் தமிழ்த் தாய்மார் தம் பெண்மக்களுக்கு ஐடா என்று பெயரிட்டனர். தமிழில் பேரன் என்னும் சொல் பெயரன் என்பதன் திரிபு. பாட்டனின் பெயரைத் தாங்கி நிற்பவன் என்பது அதன் கருத்து. அப்படிப் பார்த்தால் ஐடா அம்மையாருக்குத் தமிழ்நாட்டில் பேத்திகள் ஏராளம்.

ரோமருக்கு எழுதிய வாழ்த்துதல்

வேதத்தில் இல்லாத பெயர் எதற்கு என்று நான் கேட்டேன் அல்லவா? அக்கேள்விக்கு வேதமே எனக்கு மறுமொழி தந்தது. ரோமர் 16-ஆம் அதிகாரத்தை நாம் வெறும் பெயர்ப்பட்டியல் என்று எண்ணி வேகமாய்க் கடந்துபோவதுண்டு. இம்முறை நின்று வாசித்தேன்.

முதல் வசனத்திலேயே பெபேயாள் என்னும் சகோதரி வருகிறாள். அவள் பெயர் கிரேக்கத் தேவதையொருத்தியின் பெயர். சபைக்கு ஊழியக்காரியாய் இருந்த அவள் அப்பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. பவுலும் மாற்றச் சொல்லவில்லை. பன்னிரண்டாம் வசனத்தில் பெர்சியாள் வருகிறாள். பெர்சியா நாட்டுப் பெண் என்பதே அப்பெயரின் பொருள். முழுவதும் அந்நியப் பெயர். அதே வசனத்தில் திரிபேனாள், திரிபோசாள் என்னும் இருவர். மென்மை, சுகவாழ்வு என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர்கள் அவை. ஆனால் சுகவாழ்வைப் பெயராகக் கொண்ட அவ்விருவரையும் பவுல் எதற்காக வாழ்த்துகிறார்? கர்த்தருக்குள் அவர்கள் பட்ட பிரயாசத்துக்காக. பெர்சியாளையும், ஆறாம் வசனத்தில் வரும் மரியாளையும் அவர் அதே சொல்லால் புகழ்கிறார். பிரயாசப்பட்டவர்கள் என்று அந்த அதிகாரத்தில் பவுல் குறிப்பிடும் நால்வருமே பெண்கள்.

ஐடா என்னும் சொல் வேதாகமத்தில் இல்லைதான். ஆனால் அதன் பொருள் ரோமர் 16-இல் நான்கு பெண்களின் தலைமேல் முடியாக வைக்கப்பட்டிருக்கிறது. அதைக் கண்டபோது நான் வெட்கப்பட்டேன்.

தானியேலையும் அவன் தோழர்களையும் நினைத்துப் பாருங்கள். பாபிலோன் அரமனையில் அந்நியத் தேவர்களின் சாயலுள்ள பெயர்களை அவர்கள்மேல் சுமத்தினார்கள். அக்கினிச்சூளைக்குள் நின்றவர்களை நாம் இன்றும் சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ என்ற பாபிலோனியப் பெயர்களாலேயே நினைவுகூருகிறோம். சூளையில் அவர்கள் நின்ற விதத்தினால் அப்பெயர்கள் சாட்சியின் பெயர்களாயின.

குளம் நிறைந்தால் குளத்தூர்

சென்ற வாரம் நான் அந்த அப்பாயியின் வீட்டுக்குச் சென்றேன். "அம்மா, அன்றைக்கு நான் அவசரப்பட்டுப் பேசிவிட்டேன், மன்னிக்கவேண்டும்" என்றேன். அவர் பதறி, "ஐயா, நீங்க போயி..." என்று எழுந்து நின்றார். பிறகு, அன்று சொல்லாமல் போனதை அமைதியாகச் சொன்னார். அவருடைய மாமியாரின் தாய், முதற்பிரசவத்தில் நாள்கணக்கில் துடித்து, மாட்டுவண்டியில் வேலூருக்குக் கொண்டுபோகப்பட்டு, தாயும் சேயுமாய் உயிர்பிழைத்தவராம். அந்த நன்றிக்காகவே பிள்ளைக்கு ஐடா என்று பெயரிட்டார்களாம். "அந்தப் பேரு போயிட்டா, நாங்க பிழைச்ச கதையும் போயிடும், ஐயா" என்றார்.

திண்டிவனத்தில் விடியலில் கேட்ட சாப்பறைக்கு மறுமொழியாக எழுந்த குடும்பங்களில் ஒன்று நம் சபையிலே, நம் கண்முன்னே அமர்ந்திருக்கிறது. நானோ அப்பெயருக்குப் பொருளில்லை என்றேன்!

பிரியமானவர்களே, பிள்ளைகளுக்கு நல்ல தமிழ்ப் பெயர் வையுங்கள், வேதாகமப் பெயர் வையுங்கள், இரண்டும் சிறப்பே. ஆனால் உங்கள் வீட்டில் ஏதேனும் ஒரு பழைய பெயர் பொருள் தெரியாமல் வழங்குமானால், அதைக் கைவிடுமுன் வீட்டிலுள்ள முதியவர்களை ஒருமுறை கேளுங்கள். அகராதியில் கிடைக்காத பொருள் அவர்களிடம் இருக்கக்கூடும்.

நம் ஊரின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். குளத்தால் பெயர்பெற்ற ஊர் குளத்தூர். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து நீர் தளும்பி நிற்கும்போது அந்தப் பெயரை யாரும் விளக்கவேண்டியதில்லை. வெடித்துக் காய்ந்து கிடக்கும் கோடையில்தான் ஏன் இந்தப் பெயர் என்ற கேள்வி எழும். வரத்துக்கால்களைத் தூர்வாரி, கரையைக் காத்து, நீரைத் தேக்கிவைப்பது அந்தந்தத் தலைமுறையின் வேலை. கிறிஸ்தவன் என்று நாம் தரித்திருக்கும் பெயரும் அப்படிப்பட்டதே. நம் முன்னோர் அதை நிறைத்து நம் கையில் கொடுத்தார்கள். நம் காலத்தில் அது நிறைந்திருக்கிறதா, வறண்டிருக்கிறதா என்பதை ஒவ்வொருவரும் ஆராய்ந்து பார்ப்போமாக.

அந்தக் குழந்தையின் தகப்பனிடமும் இவை அனைத்தையும் சொன்னேன். அவர் நெடுநேரம் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பள்ளிக்கூடத்தில் அர்த்தம் கேட்டால், உழைப்புன்னு சொல்லச் சொல்கிறேன், ஐயா" என்றார். வருகிற ஞாயிறு ஆராதனையில் ஞானஸ்நானம் நடைபெறும். அனைவரும் வந்து அந்தப் பிள்ளைக்காக ஜெபியுங்கள்.

ஜெபம்: எங்களைப் பெயர்சொல்லி அழைத்த ஆண்டவரே, பெயர் தெரியாமல் மறைந்துபோன தாய்மாரையும் நீர் அறிந்திருக்கிறீர். அவர்களுக்காக உழைத்தவர்களுக்காக உமக்கு நன்றி செலுத்துகிறோம். அவசரமாய்ப் பேசி எளியோரின் மனதை நோகச்செய்த எங்கள் நாவை மன்னியும். எங்கள் பிள்ளைகள் தாங்கும் பெயர்களை நற்கிரியைகளினால் நிரப்பும். நாங்கள் கர்த்தருக்குள் படும் பிரயாசம் வீணாகாதபடி எங்களை நடத்தும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம், பிதாவே. ஆமென்.